டாக்சிசைக்கிளின்: பாக்கெட்டின் மேல் எழுதாதவை

கிளினிக்கில் கொடுக்கும் சின்ன பிளாஸ்டிக் பாக்கெட்டின் மேல் இவ்வளவுதான் இருக்கும்: டாக்சிசைக்கிளின் 100 மி.கி., ஒரு கேப்சூல், நாளைக்கு இரண்டு வேளை, சாப்பாட்டுக்குப் பிறகு, ஏழு நாள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டைச் சுற்றியுள்ள செம்பனை, ரப்பர் தோட்டங்களில் வேலை செய்கிற குடும்பங்களுக்கு இந்தப் பாக்கெட் புதிதல்ல. ஆனால் எவ்வளவு தண்ணீரோடு விழுங்குவது, விழுங்கிய பிறகு எவ்வளவு நேரம் படுக்கக்கூடாது, மைலோவோடு சேர்த்தால் என்ன ஆகும், இரும்பு மாத்திரை சாப்பிடுகிற அக்கா என்ன செய்ய வேண்டும், காய்ச்சல் விட்டு வேலைக்குப் போனவருக்குக் கழுத்து ஏன் தீயாய் எரிகிறது என்பதெல்லாம் அந்த லேபிளில் அடங்காது. கவுண்டரில் நிற்கிறவருக்கும் பின்னால் வரிசை நிற்கும்போது அத்தனையும் சொல்ல நேரம் இருக்காது. அதனால்தான் இந்தப் பதிவைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

தோட்டப்புறத்தில் இந்த ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு இருக்கும் இடம் தனி. முதல் காரணம் எலிக்காய்ச்சல். கென்சிங் திக்குஸ் (மலாயில் எலிச் சிறுநீர்) என்று மூன்று இனத்தாரும் சொல்லுவது அதைத்தான். செம்பனைப் பழம் எலிக்கு விருந்து. அதனால்தான் பல தோட்டங்களில் கம்பத்தின் மேல் பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். லெப்டோஸ்பைரா என்ற சுருள் வடிவக் கிருமி எலியின் சிறுநீரகத்தில் குடியிருந்து, சிறுநீரோடு வெளியே வந்து, ஈர மண்ணிலும் தேங்கிய தண்ணீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். உதிரிப் பழம் பொறுக்குகிறவரின் விரல் கீறல், கால்வாய் வெட்டுகிறவரின் பாத வெடிப்பு, வெள்ளம் வடிந்த பிறகு வீடு கழுவுகிறவரின் ஊறிப்போன தோல், கண், மூக்கு, வாய் என்று எந்த வழியாகவும் நுழையும். பெரும்பாலும் 5 முதல் 14 நாளுக்குள் காய்ச்சல் தொடங்கும். தலைவலி, பீளை கட்டாமல் சிவக்கும் கண், தொட்டாலே துடிக்க வைக்கும் கெண்டைக்கால் வலி ஆகியவை அதன் அடையாளங்கள். 2010ஆம் ஆண்டு முதல் இது மலேசியாவில் சுகாதார இலாகாவுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய்.

இரண்டாவது காரணம் உண்ணிக் காய்ச்சல். புல்லிலும் புதரிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒருவகை உண்ணிக் குஞ்சு கடித்து வருவது. கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல் கறுத்த பொருக்கு ஒன்று இருக்கும். வலிக்காது, அதனால் யாரும் கவனிப்பதில்லை. அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் பெல்ட் அழுத்தும் இடம், முழங்காலின் பின்புறம் ஆகியவற்றைக் கண்ணாடி வைத்தாவது பார்க்க வேண்டும்.

இந்த நாட்டுக்கும் அந்த நோய்க்கும் பழைய தொடர்பு உண்டு. 1948இல் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் ஜோசப் ஸ்மேடல் என்ற அமெரிக்க மருத்துவரின் குழு உண்ணிக் காய்ச்சல் நோயாளிகளுக்குக் குளோராம்பெனிகாலைக் கொடுத்து, அது குணமாகிறது என்று காட்டியது. டாக்சிசைக்கிளின் வேறு குடும்பம். அதே 1948இல் அமெரிக்காவில் பெஞ்சமின் டக்கர் என்ற தாவரவியலாளர், மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து கிடைத்த பொன்னிற மருந்தை அறிவித்தார். அதுதான் டெட்ராசைக்கிளின் குடும்பத்தின் மூத்த பிள்ளை. அதே குடும்பத்து மூலக்கூறைத் திருத்தி, வயிற்றில் நன்றாக உறிஞ்சப்படும்படி செய்த டாக்சிசைக்கிளின் 1967இல் விற்பனைக்கு வந்தது.

சரி, உள்ளே போய் இது என்ன செய்கிறது? கிருமி உயிர் வாழவும் பெருகவும் புரதம் செய்துகொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்யும் இயந்திரத்துக்கு ரைபோசோம் என்று பெயர். தோட்டத்தில் ரப்பர் பால் நிறுக்கும் ஸ்டோரை நினைத்துக்கொள்ளுங்கள். பால் வெட்டுகிறவர்கள் ஒவ்வொருவராக வாளியைக் கொண்டுவந்து தராசில் வைப்பார்கள். ஒரு வாளி ஏறி, எடை எழுதி, இறங்கினால்தான் அடுத்தது. ரைபோசோமிலும் அப்படி ஒரு மேடை இருக்கிறது. டி.ஆர்.என்.ஏ. என்ற சுமைகாரர் அமினோ அமிலத்தைச் சுமந்து வந்து அந்த மேடையில் ஏறினால்தான் புரதச் சங்கிலி ஒரு கண்ணி நீளும். டாக்சிசைக்கிளின் அந்த மேடையில் போய் உட்கார்ந்துகொள்கிறது. வாளிகள் வரிசையில் நிற்கும், தராசு காலியாகாது, ஸ்டோர் நின்றுவிடும். நம் உடல் செல்களில் இருக்கும் ரைபோசோம் வேறு அமைப்பு. அங்கே இந்த மருந்துக்குச் சரியான பிடி கிடைப்பதில்லை. அதோடு, கிருமிகள் இந்த மருந்தைத் தாங்களே உள்ளே இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன.

மேடையில் அது ஒட்டி நிற்பதற்குப் பிடிமானமாக இருப்பது மக்னீசியம். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டாக்சிசைக்கிளினுக்கு உலோகத்தைக் கண்டால் கவ்விக்கொள்ளும் குணம். மக்னீசியம், கால்சியம், இரும்பு, அலுமினியம், துத்தநாகம் எதையும் விடாது. கிருமியை நிறுத்துவதும் அந்தக் குணம்தான், பாலோடு குடித்தால் வீணாவதும் அதே குணம்தான், குழந்தையின் பல்லில் கறை ஏற்றுவதும் அதே குணம்தான். இது புரிந்துவிட்டால் பாதுகாப்பு விதிகளில் பாதியை மனப்பாடம் செய்யத் தேவையில்லை.

இன்னொன்று. இந்த மருந்து கிருமியை நேரடியாகக் கொல்வதில்லை, பெருகவிடாமல் கட்டிப்போடுகிறது. கட்டிப்போட்டதை அழிப்பது நம் வெள்ளணுக்களின் வேலை. மூன்றாம் நாள் காய்ச்சல் விட்டதும் பாக்கெட்டை அலமாரியில் வைத்தால், வெள்ளணுக்கள் வேலையை முடிக்கும் முன்பே கட்டு அவிழ்ந்துவிடும். பென்சிலின் வகை மருந்து கிருமியின் மேற்சுவரை உடைப்பது. உண்ணிக் காய்ச்சல் கிருமியோ நம் செல்லுக்குள்ளேயே புகுந்து ஒளிந்திருப்பது. பென்சிலின் அங்கே பயன்படாது. டாக்சிசைக்கிளின் கொழுப்பில் கரையும், செல்லுக்குள் நுழையும். அதனால்தான் உண்ணிக் காய்ச்சலுக்கு இது முதல் மருந்து. சரியான நோய்க்குக் கொடுத்தால் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். இறங்கவில்லை என்றால் திரும்பிப் போய்க் காட்டுங்கள், நோய் வேறாக இருக்கலாம்.

டெங்கி, சளிக்காய்ச்சல், கோவிட் ஆகியவற்றுக்கு இது எதுவுமே செய்யாது. அவை வைரஸ். வைரஸுக்குச் சொந்தமாக ரைபோசோம் கிடையாது, நிறுத்துவதற்குத் தராசே இல்லை.

அளவைச் சொல்கிறேன். பெரியவருக்கு லேசான எலிக்காய்ச்சல் என்றால் 100 மி.கி. இரண்டு வேளை, 5 முதல் 7 நாள். உண்ணிக் காய்ச்சலுக்கும் 100 மி.கி. இரண்டு வேளை, வழக்கமாக 7 நாள். முகப்பருவுக்கு எழுதினால் அளவும் காலமும் வேறு, மாதக்கணக்கில் போகும். ரத்தத்தில் இதன் அளவு பாதியாகக் குறைய ஏறத்தாழ 16 முதல் 22 மணி நேரம் ஆகும் என்பதால் மணி அடித்தாற்போல் 12 மணி நேரம் பார்க்க வேண்டியதில்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஒருவேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் விழுங்கலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டையும் ஒன்றாகப் போடக்கூடாது.

விழுங்கும் முறைக்கு வருகிறேன். மருந்து கொடுக்கும் இடத்தில் மிகக் குறைவாகச் சொல்லப்படுவதும், வீட்டில் அதிகத் தொல்லை தருவதும் இதுதான்.

நம் ஊரில் கிடைக்கும் கேப்சூல்களில் பெரும்பாலும் டாக்சிசைக்கிளின் ஹைக்லேட் என்ற உப்பு இருக்கும். அது தண்ணீரில் கரைந்தால் எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு அமிலம். கேப்சூலின் மேலுறை ஜெலட்டின், ஈரம் பட்டால் ஒட்டும். எச்சிலை மட்டும் வைத்து விழுங்கினாலோ, ஒரே மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே பாயில் சாய்ந்தாலோ, அது உணவுக்குழாயின் நடுவில் ஒட்டிக்கொண்டு அங்கேயே உடைந்து, அந்த இடத்தைப் பொசுக்கிவிடும். மறுநாள் நெஞ்சுக்கு நடுவில் கத்தி வைத்ததுபோல் வலி, சோறு இறங்கும்போது வலி, சிலருக்குத் தண்ணீர்கூட இறங்காது. மாரடைப்போ என்று பயந்து அவசரப் பிரிவுக்கு ஓடுகிறவர்களும் உண்டு. மருந்தை நிறுத்தி, டாக்டர் வேறு மருந்து மாற்றினால் பெரும்பாலும் சில நாளிலிருந்து ஓரிரு வாரத்துக்குள் புண் ஆறும். ஆனால் அது வரவே தேவையில்லாத வலி.

முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துத் தொண்டையை நனைத்துக்கொள்ளுங்கள். பிறகு கேப்சூல். அதன் பின் ஒரு பெரிய கிளாஸ் நிறைய, 200 முதல் 250 மில்லி, வெறும் தண்ணீர். உட்கார்ந்துகொண்டோ நின்றுகொண்டோ மட்டும் விழுங்க வேண்டும். விழுங்கிய பிறகு குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம், முதுகு நிமிர்ந்தே இருக்க வேண்டும். காய்ச்சலில் படுத்திருக்கிற தாத்தாவுக்குப் படுத்த வாக்கில் வாயில் போட்டு ஸ்பூனால் தண்ணீர் ஊற்றுவது மிக ஆபத்தான பழக்கம். தூக்கி உட்கார வைத்துக் கொடுத்து, சுவரில் சாய்த்துப் பக்கத்தில் இருந்து பேச்சுக் கொடுங்கள். அரை மணி நேரம் போனதே தெரியாது. உட்கார முடியாத அளவுக்குத் துவண்டிருந்தால் அவருக்கு வாய்வழி மருந்து போதாது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

இரவு வேளை என்றால் படுக்கப் போகும்போது போடாதீர்கள். ஏழு மணிச் சாப்பாட்டோடு போட்டால் பத்து மணிக்குப் படுக்கலாம். கேப்சூல் பெரிதாக இருக்கிறது என்று பிரித்து உள்ளே இருக்கும் தூளைத் தேனில் குழைப்பவர்கள் உண்டு. அதே அமிலம் நேராக வாயிலும் தொண்டையிலும் படும். விழுங்க முடியாதவர் டாக்டரிடம் சொல்லிக் கரையும் மாத்திரையோ வேறு மருந்தோ கேட்கலாம்.

வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், சிலர் வாந்தி எடுப்பார்கள். இட்லி, சோறு, ரொட்டி எதுவானாலும் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள். அரை மணி நேரத்துக்குள் கேப்சூல் முழுசாக வாந்தியில் வந்துவிட்டால் வயிறு அடங்கியதும் இன்னொன்று போட வேண்டியிருக்கும். கிளினிக்குக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போது பால். பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் இடத்துக்கு) கிளம்பும் முன் ஐந்தரை மணிக்கு மைலோ, பத்து மணிக்குத் தே தாரிக், சாயங்காலம் மறுபடி பால் கலந்த காப்பி என்பது நம் நாள். டின் பாலிலும் கால்சியம்தான். டாக்சிசைக்கிளின் அதைக் கவ்வினால் கரையாத கட்டியாகி, உறிஞ்சப்படாமல் குடலைத் தாண்டிப் போய்விடும். பழைய டெட்ராசைக்கிளின் பாலோடு போனால் பாதிக்கு மேல் வீண். டாக்சிசைக்கிளினில் இழப்பு அதைவிடக் குறைவு, ஐந்தில் ஒரு பங்கு என்ற அளவில். அதனால் மறந்து ஒருநாள் பால் குடித்துவிட்டால் பதற வேண்டாம். தினமும் கேப்சூலையே மைலோவால் விழுங்குவதைத்தான் நிறுத்த வேண்டும். பால் கலந்தது குடித்து இரண்டு மணி நேரம் கழித்து மருந்து, மருந்துக்குப் பின் இரண்டு மணி நேரம் கழித்துப் பால். அந்த ஒரு வாரம் காலையில் பால் சேர்க்காத தே ஓ குடிப்பது இன்னும் சுலபம். அப்போதும் கேப்சூலை விழுங்கத் தண்ணீர்தான்.

பாலைவிடப் பெரிய திருடன் இரும்பு. ரத்தசோகைக்கு அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரையும் டாக்சிசைக்கிளினும் ஒன்றாகப் போனால் மருந்தின் பெரும் பகுதி போய்விடும். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. டாக்சிசைக்கிளினில் ஒரு பங்கு பித்தம் வழியாகக் குடலுக்கு வந்து மறுபடியும் ரத்தத்தில் ஏறுவது. குடலில் இரும்பு இருந்தால் அப்படி வருவதையும் பிடித்துக்கொள்ளும். அதாவது நேர இடைவெளி விட்டும் கொஞ்சம் நஷ்டம் உண்டு. அந்த ஏழு நாளுக்கு இரும்பு மாத்திரையை நிறுத்தி வைக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பெரும்பாலோருக்கு ஒரு வாரம் நிறுத்துவதால் ஒன்றும் கெட்டுவிடாது. நிறுத்த முடியாது என்றால் டாக்சிசைக்கிளின் முதலில், குறைந்தது இரண்டு மூன்று மணி நேரம் கழித்து இரும்பு.

வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து, மென்று தின்னும் கேஸ் மாத்திரை ஆகியவற்றில் மக்னீசியமோ அலுமினியமோ கால்சியமோ இருக்கும். அதே கதை. டாக்சிசைக்கிளினால் வயிறு எரிகிறது என்று அதன் மேலேயே வெள்ளை மருந்தைக் குடித்தால் மருந்தும் போச்சு. வயிற்றுப்போக்குக்குப் போடும் கரி மாத்திரை உலோகம் இல்லை, ஆனால் அதுவும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். மல்டிவிட்டமின் மாத்திரையில் துத்தநாகமும் இரும்பும் இருக்கும், அதையும் அந்த வாரம் ஒதுக்கி வையுங்கள்.

ரத்தச் சுத்திகரிப்புக்குப் போகிற அண்ணன்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிறுநீரகம் பழுதானாலும் டாக்சிசைக்கிளினின் அளவைக் குறைக்க வேண்டியதில்லை என்பது இந்த மருந்தின் பெரிய நன்மை. ஆனால் உங்களில் பலர் சாப்பாட்டோடு கால்சியம் கார்பனேட் மாத்திரை மெல்லுகிறீர்கள், பாஸ்பேட்டைப் பிடிப்பதற்காக. "சாப்பாட்டுக்குப் பிறகு" என்று லேபிளில் இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே நேரத்தில் போட்டால், கால்சியம் இதையும் சேர்த்துப் பிடித்துவிடும். டயாலிசிஸ் செய்வதைச் சொன்னால் மட்டும் போதாது, கால்சியம் மாத்திரை சாப்பிடுவதையும் டாக்டரிடம் சொல்லி, நேரத்தைப் பிரித்து எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து வெயில். காய்ச்சல் விட்டு எம்.சி. (மருத்துவ விடுப்பு) முடிந்து வேலைக்குத் திரும்பும்போது பாக்கெட்டில் இன்னும் இரண்டு மூன்று நாள் கேப்சூல் மிச்சம் இருக்கும். அந்த நாட்களில் தோல் வெயிலுக்கு வழக்கத்தைவிட அதிகமாக எரியும். மருந்து தோலில் இருக்கும்போது சூரிய ஒளியின் புற ஊதாக் கதிர் அதன்மேல் பட்டால் செல்லைக் காயப்படுத்தும் பொருட்கள் உருவாகின்றன. வளர்ந்த செம்பனை நிழலுக்குள் வேலை செய்கிறவருக்கு அவ்வளவு தெரியாது. மறுநடவு நடக்கும் வெட்டவெளி, நாற்றங்கால், ரோட்டோரப் புல் வெட்டு என்று போகிறவருக்குக் கழுத்தின் பின்புறம், மூக்கு, காதின் மேல் விளிம்பு, புறங்கை எல்லாம் சில மணி நேரத்தில் சிவந்து எரியும், சிலருக்குக் கொப்புளம். நம் தோல் கறுப்பு, நமக்கு ஒன்றும் ஆகாது என்பது தவறு. கறுத்த தோலுக்குப் பாதுகாப்பு கொஞ்சம் அதிகம், முழுக்க இல்லை. முழுக்கைச் சட்டை, கழுத்தை மூடும் துணி வைத்த தொப்பி, முடிந்தால் சன்ஸ்கிரீன். முடிந்தவர்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோரிடம் சொல்லி அந்த மூன்று நாளைக்கு நிழல் வேலை கேளுங்கள். கிளினிக்கில் ஒரு சீட்டு எழுதித் தரச் சொன்னால் பேச்சு சுலபமாகும். சாப்பாட்டுக்குப் பின் போடுவதையோ இரவில் போடுவதையோ வைத்து இதைத் தவிர்க்க முடியாது. மருந்து உடம்பில் நாள் முழுக்க இருக்கிறது.

முதல் கேப்சூல் போட்ட சில மணி நேரத்தில் குளிர் நடுக்கம் கண்டு காய்ச்சல் முன்பைவிட ஏறுவது எலிக்காய்ச்சல்காரர்களில் சிலருக்கு நடக்கும். கிருமிகள் சாகும்போது அவற்றின் உடைந்த பாகங்களுக்கு உடம்பு காட்டும் எதிர்வினை அது. பெரும்பாலும் ஒரு நாளுக்குள் அடங்கிவிடும். மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டாம் வேளையை நிறுத்துகிறவர்கள் இந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். ஆனால் உடம்பு முழுக்கத் தடிப்பு, உதடு முகம் வீக்கம், மூச்சு இழுப்பு வந்தால் அது ஒவ்வாமை. அப்போது மருந்தை நிறுத்தி உடனே ஓட வேண்டும். கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, இருமலில் ரத்தம், மூச்சுத் திணறல், பேச்சு குழறுவது ஆகியவை வந்தால் எலிக்காய்ச்சல் முற்றுகிறது என்று பொருள். கேப்சூல் முடியட்டும் என்று ஒரு இரவுகூடக் காத்திருக்கக்கூடாது. அந்த நிலைக்கு ஊசிவழி பென்சிலினோ செப்ட்ரியாக்சோனோ தேவை, சிறுநீரகமும் நுரையீரலும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். சுங்கை சிப்புட் ஆஸ்பத்திரியிலிருந்து ஈப்போவுக்கு அனுப்பச் சொன்னால் மறுக்காதீர்கள்.

விடாத தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்து வந்தால் அதுவும் மருந்தை நிறுத்திக் காட்ட வேண்டியது. மூளைக்குள் அழுத்தம் கூடுவது இந்தக் குடும்ப மருந்துகளுக்கு அரிதாக உள்ள பக்கவிளைவு. முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடும் பிள்ளைகளுக்கு இரண்டும் சேர்ந்தால் ஆபத்து அதிகம், சேர்க்கவே கூடாது. வலிப்பு மாத்திரைகளில் கார்பமாசெபின், பெனிடோயின், பெனோபார்பிட்டால் ஆகியவையும், காசநோய் மருந்தான ரிபாம்பிசினும் டாக்சிசைக்கிளினை உடம்பிலிருந்து சீக்கிரம் வெளியேற்றிவிடும். தினமும் சம்சுவோ பீரோ அதிகமாகக் குடிக்கிற உடம்பிலும் அப்படித்தான். குடிப்பதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைத் தீர்மானிக்க அது அவருக்குத் தேவை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவருக்கு அதன் வேகம் கூடும், ரத்தப் பரிசோதனையை முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

கர்ப்பிணிக்கு வழக்கமாக இதைக் கொடுப்பதில்லை. வயிற்றிலிருக்கும் குழந்தைக்குப் பல்லும் எலும்பும் உருவாகும்போது அங்கே போகும் கால்சியத்தோடு இதுவும் சேர்ந்து படியும். பல் வந்த பிறகு மஞ்சளோ பழுப்போ ஆன கறை, தேய்த்தால் போகாதது. எட்டு வயது வரை பிள்ளைகளுக்கும் இதே காரணம்தான். இந்தக் கெட்ட பெயரைச் சம்பாதித்தது பழைய டெட்ராசைக்கிளின். டாக்சிசைக்கிளின் கால்சியத்தை அவ்வளவு இறுக்கமாகப் பிடிப்பதில்லை, குறுகிய காலம் கொடுத்த பிள்ளைகளின் பல்லில் கறை காணப்படவில்லை. ஆகவே உண்ணிக் காய்ச்சல் போன்ற உயிருக்கு ஆபத்தான நோயில் குழந்தை மருத்துவர் தெரிந்தே இதை எழுதினால் பயந்து மறுக்க வேண்டாம். வீட்டில் அண்ணனுக்குக் கொடுத்த கேப்சூலைத் தம்பிக்குக் கொடுப்பதுதான் கூடாதது. கர்ப்பிணிக்கு எலிக்காய்ச்சல் என்றால் அமோக்சிசிலினும், உண்ணிக் காய்ச்சல் என்றால் அசித்ரோமைசினும் இருக்கின்றன. மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால், கேட்காவிட்டாலும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

மலேசியாவில் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின்படி டாக்டர் எழுதாமல் இதை விற்க முடியாது. ஆனால் லயத்தில் கைமாறுகிறது. ஒருவருக்கு மீந்த நாலு கேப்சூல் பக்கத்து வீட்டுக் காய்ச்சலுக்கு, கிளினிக் போகப் பயப்படும் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு, அங்கிருந்து ஒருவரின் பல்வலிக்கு. கொடுப்பவர் நல்ல மனதோடுதான் கொடுக்கிறார். நாலு கேப்சூல் எந்த நோயையும் முழுசாகத் தீர்க்காது. டெங்கிக்காரர் அதை நம்பி மூன்று நாள் வீட்டில் இருந்துவிட்டால் காய்ச்சல் விடும் நேரத்தில்தான் அவர் கவிழ்வார். இன்னொரு கெடுதல் கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் நம் குடலில் வாழும் கோடிக்கணக்கான மற்ற கிருமிகளும் மருந்தைச் சந்திக்கின்றன. அவற்றில் சில, வந்த மருந்தை வெளியே இறைக்கும் பம்பு வைத்திருக்கும். சில, தராசில் உட்கார்ந்ததைப் பிடித்து இழுத்துத் தள்ளும் காவலாளைப் போன்ற புரதம் வைத்திருக்கும். மற்றவை ஒடுங்க, அவை பெருகும். அந்த வித்தையைப் பக்கத்துக் கிருமிக்கும் மரபணுவாகக் கைமாற்றிக் கொடுக்கும். தேவையில்லாமல் ஒருவர் சாப்பிட்டது, தேவைப்படும் நாளில் அதே வீட்டில் இன்னொருவருக்கு வேலை செய்யாமல் போகலாம்.

வெள்ளத்துக்கு முன்னாலேயே போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கிறார்கள். பனாமா காட்டில் பயிற்சிக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்களிடம் நடத்தி 1984இல் வெளியான ஆய்வில், வாரம் ஒருமுறை 200 மி.கி. எடுத்தவர்களில் ஒருவருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 20 பேருக்கும் எலிக்காய்ச்சல் வந்தது. இரு பக்கமும் ஏறத்தாழ 470 பேர். அது சில வாரக் கடும் ஆபத்துக்கான ஏற்பாடு. மீட்புப் பணிக்கு இறங்குகிறவர்களுக்கு டாக்டர் எழுதித் தரலாம். வருஷம் முழுக்கத் தோட்டத்தில் இருக்கிறவருக்கு அது வழியல்ல. கையுறை, பூட்ஸ், காயத்தின் மேல் தண்ணீர் புகாத பிளாஸ்டர், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிப்பது, உதிரிப் பழம் பொறுக்கிய கையால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்காமல் இருப்பது ஆகியவைதான் அவருக்கு. 2010இல் பகாங், மாரான் பக்கம் லூபுக் யூவில் நீரில் மூழ்கியவரைத் தேடப் போனவர்களுக்கு எலிக்காய்ச்சலோடு மெலியோய்டோசிஸ் என்ற மண் கிருமி நோயும் சேர்ந்து வந்தது. அதற்கு இந்தக் கேப்சூலை மட்டும் நம்ப முடியாது, ஆஸ்பத்திரியில் ஊசிவழி மருந்து வேண்டும். ஆகவே தடுப்புக்குப் போட்டிருந்தாலும் காய்ச்சல் வந்தால் போய்க் காட்டத்தான் வேண்டும்.

கிளினிக்கில் "காய்ச்சல், உடம்பு வலி" என்று மட்டும் சொன்னால் டாக்டர் முதலில் டெங்கியைத்தான் பார்ப்பார், அது சரிதான். கூடவே இதையும் சொல்லுங்கள்: "டாக்டர், நான் செம்பனையில உதிரிப் பழம் பொறுக்குறேன். பத்து நாளைக்கு முன்ன கால்வாய்த் தண்ணியில இறங்குனேன், கால்ல வெட்டுக்காயம் இருந்துச்சு. கெண்டைக்கால்தான் ரொம்ப வலிக்குது." இந்த மூன்று வரி அவருக்குப் பெரிய உதவி. டாக்சிசைக்கிளின் சீக்கிரம் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும்.

ஃபார்மசியில் வாங்கினால் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கிறதா என்று பாருங்கள். மருத்துவர் எழுத வேண்டிய மருந்து என்றால் அந்த எண்ணில் இலக்கங்களுக்குப் பின் ஏ என்ற எழுத்து வரும். வீட்டில் ஜிங்க் கூரைக்கு நேர் கீழேயும் அடுப்புப் பக்கத்திலும் மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள்ளும் வைக்காதீர்கள். 30 டிகிரிக்கு மேல் சூடும், ஈரமும், வெளிச்சமும் இதைக் கெடுக்கும். 1960களில் காலாவதியான பழைய டெட்ராசைக்கிளினைச் சாப்பிட்டவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. டாக்சிசைக்கிளினும் அதே குடும்பம் என்பதால் தேதி முடிந்ததைத் தொடவே வேண்டாம். மருந்தை மாற்றியதாலோ டாக்டர் நிறுத்தச் சொன்னதாலோ மீந்துவிட்ட கேப்சூலை ஆற்றிலோ கழிப்பறையிலோ கொட்டாமல், அரசாங்கக் கிளினிக்கின் மருந்து கவுண்டரில் கொடுங்கள், வாங்கிக்கொள்வார்கள்.